அத்தியாயம் 7: பெல்லட் கிரில்லுக்கு ஏற்ற தட்டைக் கல்

பெல்லட் கிரில் வாங்கிச் சில மாதங்கள் சமைத்ததும் பலருக்கும் ஒரு குறை தெரியவரும். பிரிஸ்கெட், விலா எலும்பு, முழுக் கோழி எல்லாம் புகை மணத்தோடு பதமாக வெந்துவிடுகின்றன. ஆனால் பர்கரின் அடிப்பக்கம் மொறுமொறுவென்று சிவப்பதில்லை. முட்டை, பான்கேக், நறுக்கிய வெங்காயம், தோசை மாவு ஆகியவற்றைக் கம்பிவலை மேல் போடவே முடியாது. அப்போதுதான் கடையில் கிரிடில் எனப்படும் தட்டையான இரும்புக் கல் கண்ணில் படுகிறது. அதை வாங்கிக் கம்பிவலை மேல் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும்.

ஆனால் கல் தானாகச் சூட்டை உண்டாக்குவதில்லை. கீழேயுள்ள நெருப்பு தருவதை வாங்கி, தேக்கிவைத்து, உணவுக்குக் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. ஆகவே அடுப்பின் நெருப்பு கல்லை எப்படி வந்து சேர்கிறது என்று முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற கல்லைத் தேட வேண்டும். கடையில் இருப்பதில் பெரியதையோ விலை கூடியதையோ எடுத்துவருவது பல வீடுகளில் பணத்தை வீணாக்கியிருக்கிறது.

நெருப்பு எங்கே இருக்கிறது?

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகளை எரித்து வீட்டைச் சூடாக்கும் அடுப்புகள் அமெரிக்காவில் பரவின. அந்தக் குச்சிகள்தான் பெல்லட். ஆரிகன் மாநிலத்தின் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் ஜோ டிரேகர் 1980களில் அதே எரிபொருளைச் சமையல் அடுப்புக்குக் கொண்டுவந்தார். 1986இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இன்று பல நிறுவனங்கள் விற்கும் பெல்லட் கிரில்களின் அடிப்படை அமைப்பு அதுவே.

பக்கவாட்டுத் தொட்டியில் பெல்லட்டைக் கொட்டுகிறோம். திருகுத் தண்டு ஒன்று மெல்லச் சுழன்று அதை நடுவிலுள்ள எரிகிண்ணத்துக்குத் தள்ளுகிறது. மின்சூட்டுக் கோல் பற்றவைக்கிறது, விசிறி காற்றூதுகிறது. உள்சுவரில் இருக்கும் உணரி சூட்டை அளந்து சொல்ல, கட்டுப்பாட்டுப் பெட்டி பெல்லட்டைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. எரிகிண்ணத்துக்கு மேலே தடுப்புத் தகடு ஒன்றும், அதற்கு மேலே கொழுப்பு வடியும் தட்டு ஒன்றும் உண்டு. நெருப்பு உணவை நேராகத் தொடாது. தகடுகளைச் சுற்றிக்கொண்டு மேலே வரும் சூடான காற்றுதான் சமைக்கிறது.

இது மெதுவாக வேகவைக்க மிகச் சிறந்த ஏற்பாடு. கல்லைச் சூடேற்றுவதற்கோ மிக மெதுவானது. எண்களில் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஒரு பவுண்டு பெல்லட் எரிந்தால் 8,000 பி.டி.யு.வுக்குச் சற்று மேல் வெப்பம் கிடைக்கும். உச்சச் சூட்டில் நடுத்தர அளவு கிரில் மணிக்கு 2 முதல் 3 பவுண்டு எரிக்கும் என்று கொண்டாலும், மொத்த வெப்பம் 16,000 முதல் 24,000 பி.டி.யு. வரைதான். அதிலும் ஒரு பெரும் பங்கு புகைபோக்கி வழியே வெளியேறிவிடுகிறது. கேஸில் எரியும் 36 அங்குல பிளாக்ஸ்டோன் கல்லின் நான்கு பர்னர்களும் சேர்ந்து 60,000 பி.டி.யு. தருகின்றன, அதுவும் கல்லின் அடிவயிற்றிலேயே. இந்த இரண்டு அடுப்புகளுக்கும் ஒரே கல்லை ஒரே விதமாகப் பயன்படுத்த முடியாது.

உங்கள் அடுப்பு எந்த வகை?

*முதல் வகை: மறைவு நெருப்பு மட்டும் உள்ளவை.* டிரேகர் நிறுவனத்தின் பெரும்பாலான கிரில்கள் இப்படிப்பட்டவை. எரிகிண்ணத்தின் மேல் தடுப்பு எப்போதும் மூடியே இருக்கும். இவற்றில் வைக்கும் கல் கனமாக இருக்க வேண்டும். மூடியைச் சாத்தி, 450 டிகிரி பாரன்ஹீட்டில் (232 செல்சியஸ்) அரை மணி நேரத்துக்குக் குறையாமல் காயவிட வேண்டும். அவ்வளவு நேரம் சேர்த்த சூட்டைச் சில நிமிடங்களில் செலவழித்து, மறுபடி மூடிச் சேர்த்து, அடுத்த ஈடு போடுவதுதான் இந்த அடுப்பின் நடைமுறை. நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு இது போதும்.

*இரண்டாம் வகை: தடுப்பைத் திறக்கும் வசதி உள்ளவை.* பிட் பாஸ், கேம்ப் செஃப் நிறுவனங்களின் பல கிரில்களில் ஒரு கைப்பிடியை இழுத்தால் எரிகிண்ணத்துக்கு மேலுள்ள தகடு நகர்ந்து, நெருப்பு நேராக மேலே வரும். 2024இல் வந்த வெபர் சியர்வுட் வகையிலும் நேரடி நெருப்பு உண்டு. அது 600 டிகிரி (315 செல்சியஸ்) வரை போகும். இவற்றில் கல் சீக்கிரம் காயும். ஆனால் நெருப்புக்கு நேர் மேலே கடும் சூடும் ஓரங்களில் குறைந்த சூடும் இருக்கும். நடுவில் பர்கரைப் போட்டு, ஓரத்தில் வெங்காயத்தையும் பன்னையும் வாட்டத் தெரிந்தவருக்கு அந்த வேறுபாடு வசதிதான்.

*மூன்றாம் வகை: பெல்லட்டுக்குப் பக்கத்தில் கேஸ்.* கேம்ப் செஃப்பின் சைட்கிக் போல கிரில்லின் பக்கத்தில் மாட்டும் கேஸ் பர்னர் உண்டு. அதன் மேல் தட்டைக் கல் பொருந்தும். அல்லது பிளாக்ஸ்டோன், டிரேகர் ஃபிளாட்ராக் போன்ற தனி கேஸ் கல்லையே பெல்லட் கிரில்லுக்கு அருகில் நிறுத்தலாம். விருந்தினர் இருபது முப்பது பேர் வந்து தோசையும் கொத்து பரோட்டாவும் இடைவிடாமல் போக வேண்டிய வீட்டுக்கு இந்த வழிதான் சரி. பெல்லட் கிரில்லுக்குள் வைக்கும் கல்லால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

மூடியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கல்லில் சமைப்பவர் அடிக்கடி திருப்ப வேண்டும். அதற்கு மூடி திறந்திருக்க வேண்டும். மூடி திறந்ததும் உணரி சூடு குறைந்துவிட்டதாக எண்ணி மேலும் மேலும் பெல்லட்டைத் தள்ளும். பத்து நிமிடம் கழித்து மூடினால் சூடு எல்லை மீறி ஏறும். மூடி திறந்த நிலைக்கென்று தனி முறை உள்ள கிரில்லானால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் போட்டவுடன் மூடி, திருப்பும்போது மட்டும் திறந்து, உடனே மூடும் பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள்.

எந்த உலோகம்?

வார்ப்பிரும்பு: சூட்டை நன்றாகத் தேக்கும், பழகப் பழக ஒட்டாது. டென்னசி மாநிலத்தில் 1896இல் தொடங்கிய லாட்ஜ் நிறுவனத்தின் சுமார் 20 அங்குல நீளம், 10 அங்குல அகலமுள்ள இருபுறக் கல் நடுத்தர பெல்லட் கிரில்களுக்குள் வசதியாக அடங்கும். கைதவறிக் கல்தரையில் விழுந்தால் உடையக்கூடும், கனமும் அதிகம். முதல் வகை அடுப்புக்கு என் முதல் பரிந்துரை இதுதான்.

கார்பன் ஸ்டீல்: கேஸ் கிரிடில்களிலும் நம் ஊர்ப் பரோட்டாக் கடைகளிலும் இருக்கும் உருட்டிய இரும்புத் தகட்டின் இனம். வார்ப்பிரும்பைவிட வழுவழுப்பானது, கீழே விழுந்தாலும் உடையாது. தோசை மாவைத் தேய்க்கவும், கரண்டியால் சுரண்டி வழிக்கவும் இதுவே வாகானது. இரண்டாம் வகை அடுப்புக்கு நல்ல தேர்வு. கவனிக்காமல் விட்டால் துருப்பிடிக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்: துரு பயமில்லை; தக்காளி, எலுமிச்சை, புளி எதையும் தாங்கும். ஆனால் சூட்டைப் பரப்பும் திறனில் கார்பன் ஸ்டீலில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். நெருப்பு ஒரே இடத்தில் குவியும் இரண்டாம் வகை அடுப்பில் இதை வைத்தால் நடுவில் கருகி ஓரத்தில் வேகாது. தோசையும் முட்டையும் இதில் எளிதில் ஒட்டும்.

அலுமினியம்: சூட்டை மிக வேகமாகப் பரப்பும், தூக்க இலகு. அதே கன அளவுள்ள இரும்பைவிடக் குறைவாகவே சூட்டைத் தேக்கும். பான்கேக், பன் வாட்டுதல் போன்றவற்றுக்கு நல்லது, பர்கருக்கு உதவாது. இரும்புக் கரண்டி பட்டால் கீறும்.

டெஃப்லான் போன்ற ஒட்டாத பூச்சுள்ள கல் பெல்லட் கிரில்லுக்கு வேண்டவே வேண்டாம். அந்தப் பூச்சு 500 டிகிரி பாரன்ஹீட்டுக்கு (260 செல்சியஸ்) மேல் சிதையத் தொடங்கி, மூச்சுக்கு ஆகாத புகையை விடும். கல்லைக் காயவைக்கும்போது நீங்கள் நெருங்கும் சூடு அதுதான்.

கனம் எவ்வளவு?

நீளம் 60 செ.மீ., அகலம் 40 செ.மீ. உள்ள இரும்புத் தகட்டை எடுத்துக்கொள்வோம். 5 மி.மீ. கனமானால் எடை சுமார் 9.4 கிலோ, 3 மி.மீ. ஆனால் சுமார் 5.6 கிலோ. இரண்டையும் 450 டிகிரிக்கு (232 செல்சியஸ்) காயவைத்து, 85 கிராம் எடையுள்ள நான்கு பர்கர் உருண்டைகளை வைத்து அழுத்துகிறோம். இறைச்சி வேகவும் அதிலுள்ள ஈரத்தில் ஒரு பங்கு ஆவியாகவும் வேண்டிய வெப்பத்தைக் கல் தன் சேமிப்பிலிருந்தே கொடுப்பதாக வைத்துக் கணக்கிட்டால், 5 மி.மீ. கல் ஏறத்தாழ 180 செல்சியஸுக்கு இறங்கும். 3 மி.மீ. கல் ஏறத்தாழ 145க்கு இறங்கிவிடும். இறைச்சி விறுவிறுவென்று சிவக்க 150க்கு மேல் வேண்டும். முதல் கல்லில் மொறுமொறுப்பான அடிப்பக்கம் கிடைக்கிறது. இரண்டாவதில் இறைச்சி தன் நீரிலேயே வேகிறது.

கேஸ் கல்லில் கீழேயுள்ள பர்னர் இந்த இழப்பை உடனே ஈடுகட்டிவிடும், அதனால் அங்கே மெல்லிய தகடும் செல்லும். பெல்லட் கிரில்லில் ஈடுகட்ட நேரமாகும், ஆகவே சேமிப்பு பெரிதாக இருக்க வேண்டும். முதல் வகை அடுப்புக்கு 5 மி.மீ.க்குக் குறையாத கல்லைத் தேடுங்கள். 6 மி.மீ. கிடைத்தால் இன்னும் நல்லது. காய்வதற்குக் கூடுதல் நேரம் மட்டும் கொடுக்க வேண்டியிருக்கும்.

மெல்லிய தகட்டுக்கு வேறொரு குறையும் உண்டு. 200 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 60 செ.மீ. இரும்பு ஒன்றரை மி.மீ. அளவுக்கு நீளும். நடு மட்டும் சூடாகி ஓரம் ஆறியிருந்தால் தகடு வளைந்து எழும்பும். எண்ணெய் எல்லாம் ஒரு பக்கம் ஓடிவிடும். அடியில் குறுக்குச் சட்டங்கள் பற்றவைத்த கல்லானால் வளைவு குறையும். கடையில் கல்லைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அளவும் இடைவெளியும்

கம்பிவலை முழுவதையும் மூடும் கல்லைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். உங்கள் கிரில்லுக்கென்றே அதன் நிறுவனம் செய்த கல்லாக இல்லாதபட்சத்தில் அந்த ஆசையை விட்டுவிடுங்கள். சூடான காற்று மேலே போக வழியில்லாமல் கல்லுக்கு அடியிலேயே தேங்கினால், நெருப்பு மூச்சுமுட்டி, புகை பெல்லட் தொட்டி வழியே திரும்பி வரக்கூடும். உணரியும் கல்லுக்கு அடியிலுள்ள காற்றை அளந்து தவறான தகவல் சொல்லும். கம்பிவலையில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கை மட்டும் மூடும் கல் போதும். நான்கு பக்கமும் 2 முதல் 3 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். உணரிக்கு முன்னால் இன்னும் தாராளமாக விடுங்கள்.

அளவெடுக்கும்போது உள்ளகலத்தோடு மூடியின் உயரத்தையும் பாருங்கள். கல்லின் விளிம்புச் சுவர் உயரமாக இருந்தால் மூடி சாத்தாது. மூடி சாத்தாத முதல் வகை அடுப்பில் கல் ஒருபோதும் காயாது.

கல் வாங்குவதற்கு முன்பே வீட்டில் ஒரு சோதனை செய்துவிடலாம். கிரில்லை 350 டிகிரியில் (177 செல்சியஸ்) நிலைக்கவிட்டு, கம்பிவலை முழுவதும் ரொட்டித் துண்டுகளை அடுக்கி மூடுங்கள். சில நிமிடம் கழித்துத் திருப்பிப் பார்த்தால் எங்கே கருகியிருக்கிறது, எங்கே வெளுத்திருக்கிறது என்று தெரியும். கல் உட்காரவேண்டிய இடமும் அதன் அளவும் அப்போதே முடிவாகிவிடும்.

கொழுப்பு போகும் வழி

தேங்கிய கொழுப்பு கிரில் தீ விபத்துக்கு ஒரு முக்கியக் காரணம். பெல்லட் கிரில்லின் வடிதட்டு, கம்பிவலையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுவதற்கென்று அமைந்தது. கல்லிலிருந்து ஒரே இடத்தில் குபுகுபுவென்று ஊற்றினால் அது தாங்காது. நேரடி நெருப்பு திறந்திருக்கும் இரண்டாம் வகை அடுப்பில் இது இன்னும் ஆபத்து.

ஆகவே கல்லுக்கு எல்லாப் பக்கமும் விளிம்பு வேண்டும். ஒரு ஓரத்தில் கொழுப்பு தேங்கும் பள்ளம் வேண்டும். துளை இருந்தால், அது எரிகிண்ணத்துக்கு நேர் மேலே இல்லாமல், வடிதட்டின் சரிவில் விழும்படி இருக்க வேண்டும். வீட்டின் பின்னாலுள்ள சிமென்ட் தளம் மழைநீர் வழிவதற்காகச் சற்றுச் சரிவாகவே போடப்பட்டிருக்கும். கிரில்லின் கால்களுக்கு அடியில் ஆப்பு வைத்து மட்டம் பார்த்துக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்; மூடியைச் சாத்திக் காற்றைத் தடுங்கள். கராஜுக்குள் எந்த நாளும், பனி கொட்டும் நாளிலும், இந்த அடுப்பைப் பற்றவைக்கக் கூடாது. எரியும் மரத்திலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது.

புகை மணம் கிடைக்குமா?

கல்லில் சுட்ட தோசையில் ஹிக்கரி மரப் புகையின் மணம் வீசும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான். கல் அடிப்பக்கத்தை முழுதும் மறைக்கிறது. உயர்ந்த சூட்டில் பெல்லட் சுத்தமாக எரிவதால் புகையும் குறைவு. புகை வேண்டுமானால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். கோழித் தொடையையோ பனீரையோ முதலில் 180 முதல் 225 டிகிரியில் (82 முதல் 107 செல்சியஸ்) கம்பிவலை மேல் புகையூட்டுங்கள். பிறகு சூட்டை ஏற்றி, கல் நன்றாகக் காய்ந்ததும் அதில் போட்டுச் சிவக்கவிடுங்கள். முதல்நாள் மீந்த பிரிஸ்கெட்டைக் கொத்தி வெங்காயத்தோடு கல்லில் புரட்டினாலும், புகையூட்டிய கோழியைப் பரோட்டாவோடு சேர்த்துக் கொத்தினாலும், இந்த இரண்டு கட்டச் சமையலின் அருமை நாவில் தெரியும். பெல்லட் கிரில்லில் ஒரு கல் இருப்பதன் முழுப் பயன் இதில்தான் இருக்கிறது.

அரைத்த மாட்டிறைச்சி உட்புறம் 160 டிகிரியும் (71 செல்சியஸ்) கோழி 165 டிகிரியும் (74 செல்சியஸ்) எட்ட வேண்டும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பரிந்துரை. சைவமும் அசைவமும் சேர்ந்து உண்ணும் வீடுகளில், சைவத்துக்கென்று ஒரு சிறு கல்லைத் தனியே வைத்துக்கொள்வது மரியாதையும் நிம்மதியும் தரும்.

கல்லைப் பழக்குதல்

இந்த ஒரு வேலையில் பெல்லட் கிரில் கேஸ் அடுப்பை மிஞ்சிவிடுகிறது. மூடி சாத்தினால் அது சீரான சூடுள்ள ஓவன். கல்லின் மேல், கீழ், விளிம்பு எல்லாம் ஒரே அளவில் காயும்.

1. புதுக் கல்லைச் சோப்பும் வெந்நீரும் கொண்டு ஒருமுறை தேய்த்துக் கழுவி, ஆலையில் பூசிய எண்ணெயை நீக்குங்கள். ஈரமே இல்லாமல் துடைத்துக் காயவிடுங்கள்.
2. கனோலா போன்ற எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசி, பூசியதே தெரியாத அளவுக்குத் துணியால் துடைத்தெடுங்கள். எண்ணெய் தடித்தால் பிசுபிசுப்புத்தான் மிஞ்சும்.
3. 450 டிகிரியில் (232 செல்சியஸ்) மூடிவைத்து ஒரு மணி நேரம் விடுங்கள். எண்ணெய் இறுகி இரும்போடு ஒட்டிய கரும்படலமாகும்.
4. ஆறவிட்டு, இதையே இன்னும் மூன்று நான்கு முறை செய்யுங்கள். முதல் சமையலாக வெங்காயம் வதக்குவது நல்லது. தக்காளியையும் புளியையும் சில வாரம் தள்ளிப்போடுங்கள்.

ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் கல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே சுரண்டி, துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒருமுறை தடவிவிடுங்கள். கொதிக்கும் கல்லில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் தகடு வளையும், வார்ப்பிரும்பு விரிசல் விடும். கல்லைக் கிரில்லுக்குள்ளேயே விட்டுவைக்காதீர்கள். உள்ளே படியும் சாம்பலும் இரவுப் பனியின் ஈரமும் சேர்ந்து துருவை அழைத்துவரும்.

சூட்டை அளக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பளபளப்பான புது இரும்பிலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் அது குறைவாகக் காட்டும். பழகிக் கறுத்த கல்லில் சரியாகக் காட்டும். முட்டைக்கு 300, பான்கேக்குக்கு 375, தோசைக்கு 400 அளவில், அழுத்திய பர்கருக்கு 450 டிகிரி பாரன்ஹீட் என்று தொடங்கி, உங்கள் கைக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

- என் கிரில் மறைவு நெருப்பு மட்டும் கொண்டதா, தடுப்பு திறக்கக்கூடியதா?
- ஒரு நேரத்தில் எத்தனை பேருக்குச் சமைப்பேன்? எட்டுப் பேரைத் தாண்டினால் கேஸ் கல்லைப் பார்க்கலாம்.
- கல்லைச் சுற்றி 2 முதல் 3 செ.மீ. இடைவெளி மிஞ்சுமா? மூடி முழுதும் சாத்துமா?
- கனம் 5 மி.மீ. உண்டா? அடியில் குறுக்குச் சட்டம் உண்டா?
- விளிம்பும் கொழுப்புப் பள்ளமும் உண்டா? துளை எங்கே விழுகிறது?
- கல் முழுச்சூட்டில் இருக்கும்போது கைப்பிடி கைக்கு எட்டுமா? ஆறிய பிறகு ஒருவரால் தூக்கி வெளியே வைக்க முடியுமா?

வாரக் கடைசியில் நான்கைந்து பேருக்குச் சமைக்கும் வீட்டுக்கு, பாதி அளவுள்ள கனத்த வார்ப்பிரும்புக் கல் ஒன்று பல்லாண்டு உழைக்கும். தடுப்பு திறக்கும் கிரில் வைத்திருப்பவர் அதே அளவில் கார்பன் ஸ்டீலை எடுக்கலாம். மாதந்தோறும் கூட்டம் கூடும் வீடானால், பெல்லட்டைப் புகைக்கு விட்டுவிட்டு, கல்லுக்கென்று கேஸ் அடுப்பைத் தனியே வாங்குங்கள். எந்த முடிவானாலும் ரொட்டிச் சோதனையை இந்த வாரமே செய்து, உள்ளளவைத் தாளில் குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள்.